ராம் நாத் சோப்ரா

சர் ராம் நாத் சோப்ரா (ஆகஸ்ட் 17, 1882 - ஜூன் 13, 1973) ஓர் இந்திய மருத்துவரும் மருந்தியல் அறிஞரும் ஆவார். இந்திய மருந்தியலின் தந்தை என இவர் பரவலாக அழைக்கப்படுகிறார். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் முதல் மருந்தியல் பேராசிரியராகவும் பின்னர் அப்பள்ளியின் இயக்குநராகவும் பணியாற்றினார். 1930 ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்திய அரசு அமைத்த மருந்து விசாரணைக் குழுவுக்கு இவரே தலைவர். சோப்ரா குழு என்று அறியப்படும் அக்குழு 1931 இல் அளித்த அறிக்கை, இந்தியாவின் மருந்துச் சட்டம் (1940), மருந்தாளுமைச் சட்டம் (1948) ஆகிய இரண்டுக்கும் அடிப்படையாக அமைந்தது.

மருந்தின் தரத்தைத் தயாரிப்பாளரின் நேர்மைக்கோ விற்பவரின் அறிவுக்கோ மட்டும் விட்டுவிட இயலாது. சட்டம், ஆய்வுக்கூடம், பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் நோயாளிக்குப் பாதுகாப்பு உண்டு என்பது இவரது பணியின் மையக் கருத்து ஆகும்.

இளமையும் கல்வியும்

ராம் நாத் சோப்ரா பஞ்சாப் மாகாணத்தின் குஜ்ரன்வாலா நகரில் பிறந்தார். இந்நகரம் இன்று பாகிஸ்தானில் உள்ளது. இவரது தந்தை ஸ்ரீநகரில் அரசுப் பணியில் இருந்தமையால் சோப்ராவின் பள்ளிக் கல்வி அங்கு அமைந்தது. பின்னர் லாகூர் அரசுக் கல்லூரியில் பயின்றார்.

1903 இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டௌனிங் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு இயற்கை அறிவியலும் மருத்துவமும் கற்றார். அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் மருந்தியல் கற்பித்து வந்த வால்டர் டிக்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்யும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. மருந்து உடலில் என்ன செய்கிறது என்பதை வழக்காற்றைக் கொண்டு முடிவு செய்யாமல், விலங்குகளின் மீதும் உறுப்புகளின் மீதும் சோதித்து அளந்து அறியும் முறை அப்போது புதியது. அம்முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களில் சோப்ரா முதன்மையானவர். இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையிலும் இவர் பயிற்சி பெற்றார்.

இராணுவ மருத்துவப் பணி

1908 இல் இந்திய மருத்துவப் பணிக்குத் தேர்வு பெற்றார். இப்பணி அடிப்படையில் இராணுவத்தைச் சார்ந்தது. எனினும் அமைதிக் காலத்தில் இதன் அதிகாரிகள் குடிமக்களுக்கான மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் அமர்த்தப்பட்டனர். முதல் உலகப் போரின்போது சோப்ரா கிழக்கு ஆப்பிரிக்காவில் பணிபுரிந்தார். 1919 இல் நடந்த மூன்றாம் ஆப்கான் போரிலும் பங்கேற்றார்.

கல்கத்தாவில் மருந்தியல் ஆய்வு

லியோனார்ட் ராஜர்சின் முயற்சியால் கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. 1921 இல் சோப்ரா அதன் முதல் மருந்தியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் அவர் மருந்தியல் கற்பித்தார். அதுவரை இந்திய மருத்துவக் கல்லூரிகளில் மருந்து பற்றிய பாடம் பெரும்பாலும் மருந்துகளின் பெயர், அளவு, தயாரிக்கும் முறை ஆகியவற்றை மனனம் செய்வதாகவே இருந்தது. சோப்ரா அதனைச் சோதனை அறிவியலாக மாற்றினார்.

இப்பள்ளியுடன் கார்மைக்கேல் வெப்பமண்டல நோய் மருத்துவமனை இணைக்கப்பட்டிருந்தது. ஆகையால் ஆய்வுக்கூடத்தில் சோதித்த மருந்தின் பயனை அருகிலேயே நோயாளிகளிடமும் கவனிக்க இயன்றது. ஒரு மருந்து நூலில் கூறப்பட்டபடி வேலை செய்யாதபோது பிழை மருந்தின் இயல்பில் உள்ளதா, கடையிலிருந்து வந்த அந்தக் குப்பியில் உள்ளதா என்ற கேள்வி இயல்பாக எழும். இதயநோய்க்கு வழங்கப்பட்ட டிஜிட்டாலிஸ் போன்ற மருந்துகளின் வீரியம் வெப்ப நாடுகளில் எவ்வாறு மாறுபடுகிறது என்பதைச் சோப்ராவும் அவரது உடன் ஆய்வாளர்களும் 1920களில் ஆராய்ந்தனர். டிஜிட்டாலிஸ் மருந்துக்கு, பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையிலான வேறுபாடு சிறிது. வீரியம் குறைந்த குப்பியைப் பயன்படுத்திப் பழகிய மருத்துவர், வீரியம் குறையாத புதுக் குப்பியிலிருந்து அதே அளவைக் கொடுத்தால் நோயாளிக்குத் தீங்கு நேரலாம். தரக்கட்டுப்பாடு என்பது ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பது மட்டுமன்று என்பதை இவ்வாய்வுகள் காட்டின.

அக்காலத்து மருந்துச் சந்தை

1920களில் இந்தியாவில் மருந்துகளின் தூய்மையைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் எதுவும் இல்லை. நஞ்சுகள், அபின் போன்றவை பற்றிய சட்டங்களும் சில மாகாணங்களின் உணவுக் கலப்படச் சட்டங்களும் மட்டுமே இருந்தன. பிரித்தானியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மருந்துகள் பெருமளவில் இறக்குமதியாயின. தம் நாட்டில் விற்க இயலாத தரம் குறைந்த சரக்கை இங்கு அனுப்புவதற்குத் தடை இருக்கவில்லை. உள்நாட்டுத் தயாரிப்பிலும் நல்லதும் தீயதும் கலந்திருந்தன. உட்பொருளை வெளியிடாமல் எல்லா நோய்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்யப்பட்ட தனியுரிமை மருந்துகளும் ஏராளமாக விற்பனையாயின.

இச்சிக்கலின் கொடுமையான எடுத்துக்காட்டு குயினைன் ஆகும். மலேரியா இந்தியாவில் ஆண்டுதோறும் பெருந்தொகையான உயிர்களைப் பறித்த காலம் அது. குயினைன் அதற்கான முதன்மை மருந்து. சின்கோனா மரப்பட்டையிலிருந்து இது எடுக்கப்படுகிறது. சென்னை மாகாண அரசு 1860களிலிருந்தே நீலகிரியில் சின்கோனா பயிரிட்டது. நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலையும் இருந்தது. வங்காளத்தில் 1892 முதல் அஞ்சலகங்கள் வழியாகச் சிறு பொட்டலங்களில் மலிவு விலைக்குக் குயினைன் விற்கப்பட்டது. ஆனால் தேவைக்கேற்ற அளவு கிடைக்காததாலும் விலை மிகுந்திருந்ததாலும் கலப்படம் செய்வோருக்கு இம்மருந்து எளிய இலக்காயிற்று. குயினைன் குறைந்த, சில வேளைகளில் குயினைனே இல்லாத மாத்திரைகள் சந்தையில் புழங்கின. இத்தகைய மாத்திரை நேரடியாக எவரையும் கொல்வதில்லை. மருந்து உட்கொண்டோம் என்று நம்பிய நோயாளி மலேரியாவால் இறப்பார். குற்றம் நோயின் மீது விழும். மருந்தை எவரும் ஐயுறமாட்டார். தரமற்ற மருந்தைக் கண்டறிவதில் உள்ள அடிப்படைச் சிக்கல் இதுவே ஆகும்.

நாளிதழ்களும் மருத்துவ இதழ்களும் இதுபற்றி எழுதின. 1927 மார்ச் 9 அன்று சர் ஹாரூன் ஜாஃபர், மருந்துகளின் தரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்னும் தீர்மானத்தை மத்திய சட்டமன்றத்தின் மேலவையான மாநிலங்களவையில் கொண்டுவந்தார். இதன் தொடர்ச்சியாகவே அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைக்க முன்வந்தது.

மருந்து விசாரணைக் குழு

1930 ஆகஸ்டில் குழு அமைக்கப்பட்டது. அப்போது லெப்டினன்ட் கர்னலாக இருந்த சோப்ரா அதன் தலைவரானார். அவரது மாணவரும் உடன் ஆய்வாளருமான பிஷ்ணுபாத முகர்ஜி குழுவின் பணிகளில் துணைநின்றார். குழுவுக்கு மூன்று கேள்விகள் தரப்பட்டன.

1. தூய்மையற்ற அல்லது வீரியம் குறைந்த மருந்துகள் பிரித்தானிய இந்தியாவில் எந்த அளவுக்கு இறக்குமதி செய்யப்படுகின்றன, தயாரிக்கப்படுகின்றன, விற்கப்படுகின்றன?
2. அவற்றைக் கட்டுப்படுத்த எத்தகைய நடவடிக்கை தேவை?
3. மருந்து கலந்து வழங்கும் தொழிலைத் தகுதி பெற்றோருக்கு மட்டும் உரியதாக்க வேண்டுமா?

குழு பல மாகாணங்களிலும் மருத்துவர்கள், வேதியியலாளர்கள், வணிகர்கள், தயாரிப்பாளர்கள், அரசு அதிகாரிகள் ஆகியோரிடம் சான்றுகளைப் பெற்றது. 1931 இல் அறிக்கை அளிக்கப்பட்டது. கலப்படமும் வீரியக் குறைவும் நாடெங்கும் பரவியிருப்பதைக் குழு உறுதி செய்தது. மருந்தகங்களில் மருந்து கலப்போரில் பெரும்பாலோர் போதிய பயிற்சி இல்லாதவர்கள் என்பதையும் சுட்டிக்காட்டியது.

குழுவின் முக்கியப் பரிந்துரைகள் பின்வருமாறு:

* நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே மருந்துச் சட்டத்தை மத்திய அரசு இயற்ற வேண்டும்.
* ஒவ்வொரு மாகாணத்திலும் மருந்துச் சோதனை ஆய்வுக்கூடம் அமைய வேண்டும். அவற்றுக்கு மேல், ஐயம் எழும்போது இறுதி முடிவு கூறும் மைய ஆய்வுக்கூடம் ஒன்று இருக்க வேண்டும்.
* அரசுக்கு அறிவுரை கூறத் தொழில்நுட்ப வாரியம் அமைக்கப்பட வேண்டும்.
* மருந்தாளுமைக் கல்வி ஒழுங்குபடுத்தப்பட்டு, மருந்தாளுநர்கள் பதிவு செய்யப்பட வேண்டும்.
* இந்தியாவுக்கென மருந்தியல் தொகுதி ஒன்று உருவாக்கப்பட வேண்டும்.

மருந்தியல் தொகுதி என்பது ஒவ்வொரு மருந்தும் எவ்வாறு இருக்க வேண்டும், அதனை எவ்வாறு சோதிக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் அதிகாரமுறை நூல். மருந்து தரமற்றது என்று சட்டப்படி கூறவேண்டுமானால் தரம் எது என்பது முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? எனவே இது ஏனைய பரிந்துரைகளுக்கெல்லாம் அடித்தளம் ஆகும்.

அறிக்கையிலிருந்து சட்டம் வரை

அறிக்கை வெளிவந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே சட்டம் பிறந்தது. உலகப் பொருளாதார மந்தநிலையும் அரசின் நிதி நெருக்கடியும் தாமதத்துக்கு இடமளித்தன. மேலும் 1935 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி மருந்துக் கட்டுப்பாடு மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. இறக்குமதி மட்டும் மத்திய அரசிடம் இருந்தது. அதற்கேற்ப 1937 இல் மருந்து இறக்குமதி மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. துறைமுகத்தில் மட்டும் சோதனை நடத்தி, உள்நாட்டில் தயாரித்து விற்பதைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் பயனில்லை என்று அதனை ஆராய்ந்த தேர்வுக் குழு கருதியது. ஏழு ஆண்டுகளுக்கு முன் சோப்ரா குழு அமைந்தபோது எழுந்த கேள்வியே மீண்டும் எழுந்தது எனலாம்.

இதற்கிடையில் 1937 இல் கல்கத்தாவில் உயிர்வேதித் தரப்படுத்தல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. இதனை அமைப்பதில் பிஷ்ணுபாத முகர்ஜிக்குப் பெரும் பங்கு உண்டு. இதுவே பின்னர் மைய மருந்து ஆய்வகமாக வளர்ந்தது. அதே 1937 இல் அமெரிக்காவில், டை-எத்திலீன் கிளைக்காலில் கரைத்துத் தயாரிக்கப்பட்ட சல்ஃபானிலமைடு திரவ மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதனையடுத்து 1938 இல் அந்நாட்டில் புதிய மருந்துச் சட்டம் வந்தது.

மாகாணச் சட்டமன்றங்கள் தம் அதிகாரத்தை இப்பொருளில் மத்திய சட்டமன்றத்துக்கு அளித்துத் தீர்மானம் நிறைவேற்றிய பின்னர், 1940 ஏப்ரலில் மருந்துச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 1945 இல் வெளிவந்தன. தயாரிப்பு, விற்பனை ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடு 1947 ஏப்ரல் 1 முதலே நடைமுறைக்கு வந்தது. அதாவது அறிக்கைக்கும் அதன் முழுச் செயற்பாட்டுக்கும் இடையே ஏறத்தாழ 16 ஆண்டுகள் கடந்தன.

மருந்தாளுநர் பற்றிய பரிந்துரை 1948 ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டத்தால் நிறைவேறியது. இத்துறையில் கல்வி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மகாதேவ லால் ஷ்ராஃப் 1932 இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தாளுமைப் படிப்பைத் தொடங்கினார்.

மருந்தியல் தொகுதியைப் பொறுத்தவரை, 1868 இல் எட்வர்ட் வேரிங் பதிப்பித்த பழைய தொகுதி ஒன்று இருந்தது. சென்னை திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய முகைதீன் ஷெரீப் அதற்கு 1869 இல் எழுதிய துணைநூல், மருந்துகளின் பெயர்களைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் தந்தது. ஆயினும் இந்தியாவில் பிரித்தானிய மருந்தியல் தொகுதியே ஆட்சி செலுத்தியது. சோப்ராவின் தலைமையில் தயாரிக்கப்பட்ட இந்திய மருந்தியல் பட்டியல் 1946 இல் வெளியானது. விடுதலைக்குப் பிந்திய இந்திய மருந்தியல் தொகுதியின் முதற்பதிப்பு 1955 இல் வந்தது.

சட்டம் செயற்படும் முறை

இச்சட்டத்தின் கீழ் மருந்து ஆய்வாளர் கடையிலோ தொழிற்சாலையிலோ மாதிரி எடுக்கும்போது அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். மாதிரி பொதுவாக நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு முத்திரையிடப்படும். ஒரு பகுதி மாதிரி எடுக்கப்பட்டவரிடமே தரப்படும்; ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்குச் செல்லும்; ஒன்று வழக்கு ஏற்பட்டால் நீதிமன்றத்துக்கு உரியது; மற்றொன்று தேவைப்படின் தயாரிப்பாளருக்கு அனுப்பப்படும். பகுப்பாய்வாளரின் அறிக்கையை மறுக்க விரும்புவோர் 28 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்போது மாதிரி மைய ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். அதன் முடிவே இறுதியானது. மாகாண ஆய்வுக்கூடங்களுக்கு மேல் ஒரு மைய ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற சோப்ரா குழுவின் பரிந்துரை இங்கு நடைமுறையாகி நிற்பதைக் காணலாம்.

இதன் அடையாளங்களை எவரும் எளிதில் பார்க்கலாம். வத்தலக்குண்டு போன்ற ஒரு சிற்றூரின் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரை அட்டையிலும் தயாரிப்புத் தொகுதி எண், உரிம எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். மருந்தின் பெயரை அடுத்து ஐ.பி. என்ற எழுத்துகள் இருந்தால் அது இந்திய மருந்தியல் தொகுதியின் தரத்துக்கு உட்பட்டது என்று பொருள். கடையில் உரிமமும் பதிவு பெற்ற மருந்தாளுநரும் இருக்க வேண்டும் என்பதும் இச்சட்டங்களின் விளைவே. தொகுதி எண் இல்லையெனில், பிழையான ஒரு தொகுதியை மட்டும் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவது இயலாது.

உள்நாட்டு மருந்துகள் பற்றிய ஆய்வு

சோப்ரா இந்திய மூலிகைகளை ஆராய்ந்ததற்கு மூன்று நோக்கங்கள் இருந்தன. இந்தியாவில் விளையும் மருந்துப் பொருள்களைக் கொண்டே நாட்டின் தேவையை நிறைவு செய்தல் முதலாவது. மரபு மருத்துவத்தில் உள்ள பயனுள்ள மருந்துகளைச் சோதித்துக் கண்டறிதல் இரண்டாவது. ஏழை மக்கள் வாங்கக்கூடிய விலையில் மருந்து கிடைக்கச் செய்தல் மூன்றாவது.

அக்காலத்தில் இந்தியா எட்டிக்கொட்டை, திருநெல்வேலிச் சீமையில் விளைந்த நிலாவாரை போன்றவற்றைக் கச்சாப் பொருளாக ஏற்றுமதி செய்து, அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட மருந்துகளை அதிக விலைக்கு இறக்குமதி செய்தது. இந்நிலையை மாற்ற இயலும் என்று சோப்ரா வாதிட்டார். சீதபேதிக்குப் பயன்பட்ட குடசப்பாலைப் பட்டை, இமயமலைப் பகுதியின் எபிட்ரா செடி முதலியவற்றை ஆராய்ந்தார். 1933 இல் வெளிவந்த இவரது இந்திய உள்நாட்டு மருந்துகள் என்னும் நூல் இத்துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. மரபில் புகழ்பெற்ற மூலிகை என்பதற்காகவே எதனையும் அவர் ஏற்கவில்லை. சோதனையில் பயன் காணப்படாதவற்றை அவ்வாறே பதிவு செய்தார்.

சர்ப்பகந்தி

சர்ப்பகந்தி வேர் இந்திய மருத்துவத்தில் நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. 1931 இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் இதனை உயர் இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் பயன்படுத்தியதை வெளியிட்டனர். அதே காலத்தில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் உசைன் சித்திக்கியும் இதிலிருந்து அஜ்மலின் முதலிய வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். சோப்ராவும் அவரது குழுவினரும் 1933 இல் இதன் மருந்தியல் இயல்புகளை ஆராய்ந்து வெளியிட்டனர். 1949 இல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் பிரித்தானிய இதழில் எழுதிய கட்டுரையால் உலகின் கவனம் இம்மருந்தின் மீது திரும்பியது. 1952 இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் என்னும் வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. விரைவில் இது உலகெங்கும் பயன்பட்டது.

ஆனால் 1950களிலேயே இம்மருந்தை உட்கொண்ட சிலருக்கு மனச்சோர்வு ஏற்படுவதாக மருத்துவர்கள் தெரிவிக்கத் தொடங்கினர். இத்தொடர்பு எவ்வளவு வலுவானது என்பது குறித்துப் பின்னாளில் கருத்து வேறுபாடு எழுந்தது. எவ்வாறாயினும், தூய்மையும் வீரியமும் சரியாக உள்ள மருந்தும் சிலருக்குத் தீங்கு செய்யலாம் என்பதும், அத்தீங்கு பலர் பயன்படுத்திய பின்னரே தெரியவரலாம் என்பதும் இதனால் புலப்பட்டன. 1931 அறிக்கை மருந்தின் தரத்தை நோக்கமாகக் கொண்டது. விற்பனைக்கு வந்த பின் மருந்தின் விளைவுகளைத் தொடர்ந்து கவனித்தல் என்பது அடுத்த தலைமுறையின் பணியாயிற்று.

உள்நாட்டு மருத்துவ முறைகள் குழு

1946 டிசம்பரில் உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்வதற்காக அமைக்கப்பட்ட குழுவுக்கும் சோப்ராவே தலைவர். இதுவும் சோப்ரா குழு என்றே அழைக்கப்படுவதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. 1948 இல் அறிக்கை அளித்த இக்குழு, இந்திய மருத்துவமும் மேலை மருத்துவமும் ஒருங்கிணைக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. இப்பொருளில் சென்னை மாகாணம் முன்னோடியாக இருந்தது. முகமது உஸ்மான் தலைமையிலான குழு 1923 இலேயே சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவை பற்றி அறிக்கை அளித்திருந்தது. மருந்துச் சட்டத்துக்குள் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள் 1964 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே கொண்டுவரப்பட்டன.

ஓய்வுக்குப் பின்

1941 இல் சோப்ரா இந்திய மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். இளமையில் வாழ்ந்த காஷ்மீருக்குத் திரும்பி, ஜம்மு காஷ்மீர் அரசின் மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். ஜம்முவில் 1941 இல் நிறுவப்பட்ட மருந்து ஆய்வுக்கூடத்தின் வளர்ச்சியில் முக்கியப் பங்காற்றினார். அவ்வாய்வுக்கூடம் 1957 இல் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் கீழ் வந்தது. இன்று இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் என்னும் பெயரில் இயங்குகிறது. சோப்ரா 1973 ஜூன் 13 அன்று தமது 90 ஆம் அகவையில் காலமானார்.

சோப்ராவுக்குப் பின்: மருந்துக் கண்காணிப்பு

கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்பட்ட தாலிடோமைடு மருந்து குழந்தைகளின் உறுப்புக் குறைபாட்டுக்குக் காரணம் என்பது 1961 இல் தெரியவந்தது. அம்மருந்தில் கலப்படம் எதுவும் இல்லை. இதன் பின்னரே பல நாடுகள் பக்கவிளைவுகளைத் திரட்டும் முறையை ஏற்படுத்தின. உலக சுகாதார அமைப்பு 1968 இல் பன்னாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சுவீடனின் உப்சாலா நகரில் உள்ள மையம் 1978 முதல் இதனை நடத்துகிறது. இந்தியா 1998 இல் இதில் இணைந்தது. 2010 ஜூலையில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் தொகுதி ஆணையம் அதன் தேசிய மையமாக உள்ளது. மருத்துவக் கல்லூரிகளில் அமைந்த மையங்கள் வழியாக மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் மட்டுமன்றி நோயாளிகளும் பக்கவிளைவுகளைத் தெரிவிக்கலாம்.

அதே வேளையில் சோப்ரா எதிர்த்த பழைய சிக்கலும் மறையவில்லை. டை-எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவ மருந்தால் 1972 இல் சென்னையில் 15 குழந்தைகள் இறந்தனர். 1986 இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் இதே நஞ்சு கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்தனர். இதனை நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்தது. 2025 இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து உட்கொண்ட 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்டது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு டை-எத்திலீன் கிளைக்கால் இருப்பது கண்டறியப்பட்டது. 1937 அமெரிக்க நிகழ்வுக்குக் காரணமான அதே வேதிப்பொருள் இது.

இந்நிகழ்வுகளில் சட்டமும் ஆய்வுக்கூடமும் இருந்தன. மருந்து நோயாளியைச் சென்றடைவதற்கு முன்னர் மாதிரி ஆய்வுக்கூடத்தைச் சென்றடையவில்லை.

மதிப்பீடு

சோப்ராவின் பணியை மதிப்பிடுவோர் இரண்டு கருத்துகளைக் கூறுவதுண்டு. முதலாவது, அவர் வகுத்த கட்டமைப்பு இன்றளவும் மாறாமல் நிற்கிறது என்பது. 1940 ஆம் ஆண்டின் சட்டம் 1962 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அழகுப்பொருள்களையும் உள்ளடக்கி, மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டம் என்ற பெயரைப் பெற்றது. பலமுறை திருத்தப்பட்டாலும் ஆய்வாளர், பகுப்பாய்வாளர், மைய ஆய்வகம், தொழில்நுட்ப வாரியம் என்ற அமைப்பு தொடர்கிறது.

இரண்டாவது, அவரது பரிந்துரைகள் முழுமையாக நிறைவேறவில்லை என்பது. நாடு முழுவதும் ஒரே சீரான கட்டுப்பாட்டை 1931 அறிக்கை வேண்டியது. நடைமுறையில் தயாரிப்பு உரிமமும் கடை ஆய்வும் பெரும்பாலும் மாநிலங்களிடமும், இறக்குமதியும் புதிய மருந்துகளுக்கான ஒப்புதலும் மத்திய அரசிடமும் உள்ளன. ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற மருந்து நாடெங்கும் விற்கப்படுகிறது. ஆகவே ஆய்வு வலுவற்ற ஒரு மாநிலத்தின் குறை எல்லா மாநிலத்தவரையும் பாதிக்கக்கூடும். 2003 இல் மஷேல்கர் குழுவும் மத்தியக் கட்டுப்பாட்டு அமைப்பை வலுப்படுத்துமாறு பரிந்துரைத்தது.

நூல்கள்

* இந்திய உள்நாட்டு மருந்துகள் (1933)
* வெப்பமண்டல நோய்களுக்கான சிகிச்சைக் கையேடு (1936)
* இந்தியாவின் நச்சுத் தாவரங்கள் (பிறருடன் இணைந்து)
* இந்திய மருத்துவத் தாவரங்களின் சொற்றொகுதி (1956, பிறருடன் இணைந்து)

இவை அனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இவை தவிர அபின், கஞ்சா ஆகியவற்றுக்கு அடிமையாதல் குறித்தும் பல ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார்.

சிறப்புகள்

* 1939 - 1940 ஆண்டுகளில் இந்தியத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். இது இன்றைய இந்தியத் தேசிய அறிவியல் கழகம் ஆகும்.
* 1941 இல் சர் பட்டம் வழங்கப்பட்டது.
* 1948 இல் பாட்னாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவராக இருந்தார்.
* 1983 இல் இந்திய அஞ்சல்துறை இவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

இவற்றையும் பார்க்க

* இந்திய மருந்தியல் தொகுதி
* மருந்துக் கண்காணிப்பு
* குயினைன்
* சர்ப்பகந்தி
* தாலிடோமைடு